மாஸ்டர் தெரிந்தெடுத்த பிஸ்டல்

டென்மார்க்கில், ரண்டர்ஸ் என்ற ஊரில், அந்தோனிதாசன் மாஸ்டருக்கு வீடு இருந்தது. அவர் அதில் இருக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் மாடி, இரண்டு அறை, குசினி, குளியலறை. கதவில் பித்தளைத் தகட்டில் அவருடைய பெயர். டெனிஷ்காரரின் வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் பொறித்துக் கொடுத்திருந்தார்கள். கொம்யூன் என்கிற நகரசபையின் பதிவிலும் அவர் அங்கேதான் குடியிருந்தார். ஆனால் எண்பத்தேழாம் ஆண்டு குளிர் தொடங்கிய நாள் முதல் அவர் படுத்தெழும்பியது ஊரின் மறுகோடியில், ஒரு விளையாட்டுக் கழகத்தின் சாமான் கொட்டிலில். கோல் வலைகள் ஒரு பக்கம், சுண்ணாம்பு மூட்டைகள் மறுபக்கம், நடுவில் மாஸ்டர்.

பார்த்தால் சொல்லமாட்டீர்கள். ஊர் நீச்சல் தடாகத்தில் காலையில் குளித்து, முகம் மழித்து, பாய்க்கடியில் வைத்து மடிப்பெடுத்த காற்சட்டையோடு வெளிக்கிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் முன் வாங்கில்தான் இருப்பார். எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "கிளப்பிலை ஒரு அறை தந்திருக்கிறாங்கள்" என்பார். அவர்கள் தந்தது கொட்டில் பூட்டின் திறப்பை மட்டும். மைதானத்துக்குக் கோடு போடவும், பனியன்கள் தோய்க்கவும், வலை தைக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. மைதானத்தைப் பார்த்துக்கொண்ட கிழவர் பிரேபன் மாஸ்டரின் கோட்டைப் பார்த்து மயங்கிப்போய்த் திறப்பை அவரிடமே கொடுத்துவிட்டார். அதற்குள் ஒருவர் படுப்பார் என்று அந்த மனிதர் நினைத்திருக்கமாட்டார் என்றுதான் மாஸ்டர் நம்பினார்.

வீடு போன கதை சின்னக் கதை. இன்னாசித்தம்பி என்று ஒருவன், அகதி முகாமில் மாஸ்டரோடு ஒரே அறையில் கிடந்தவன். அந்த ஆவணி மாதம் அவனுடைய பெண்சாதி மேரிசெலின் இரண்டு குஞ்சுகுருமான்களோடு வந்து இறங்கினாள். அவனோ மூன்று பிரமச்சாரிகளோடு ஓர் அறையில் இருந்தான். கடைசிப் பிள்ளைக்கு இளைப்பு வேறு. மாஸ்டரின் வீடோ மனைவி மாக்கிரட்டும் மகள் பிரியந்தியும் வரப்போகிறார்கள் என்பதற்காகவே அகதிகள் சபை பார்த்துக் கொடுத்த வீடு.

"மாக்கிரட் வர இன்னும் ரெண்டு மூண்டு மாதம் செல்லும். அதுமட்டும் நீங்கள் இருங்கோ. நான் எங்கையும் சமாளிப்பன்," என்றார் மாஸ்டர். ஒரே வீட்டில் எல்லாரும் இருந்திருக்கலாம்தான். ஆனால் எத்தனையோ காலம் பிரிந்திருந்து கூடிய புருசன் பெண்சாதிக்கு நடுவில் ஓர் ஒற்றை ஆம்பிளை போய்க் குந்திக்கொள்வதா? மாஸ்டருக்கு அந்த நினைப்பே கூசியது.

இரண்டு மூன்று மாதம் போனது. மாக்கிரட் வரவில்லை. அதற்குள் மேரிசெலின் முழுகாமல் இருந்தாள். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, என் வீட்டை விடு என்று கேட்க மாஸ்டரால் முடியுமா? முடியாது. சரி, கொம்யூனிடம் போய் வேறு வீடு கேட்கலாமே என்றால், அங்கேதான் மாஸ்டர் தன் ஊர்ப் புத்தியைக் காட்டினார். யாழ்ப்பாணத்துக் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், அலைந்தவர்களுக்கு ஒரு பாடம் இரத்தத்தில் ஊறியிருக்கும்: மேசையில் கிடக்கும் ஃபைலைத் தொடக்கூடாது. விலாசத்தை மாற்றப் போனால் கிளாக்கர் அதை எடுத்துத் திருத்துவான், திருத்தியதை அடுக்கின் அடியில் வைப்பான், பிறகு அது மேலே வருவதற்குள் தலை நரைத்துவிடும். மாக்கிரட்டின் விண்ணப்பம் அந்த இரண்டறை வீட்டு விலாசத்தோடு கொப்பன்ஹேகனில் ஒரு மேசையில் இருந்தது. வீடு இல்லாதவன் என்று தெரிந்தால் குடும்பத்தை ஏன் விடுவார்கள்? அதனால் மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. கொட்டிலே கதி என்று கிடந்தார்.

அங்கே யாழ்ப்பாணத்து இளவாலையில் மாக்கிரட் இந்திய ஆமியின் செல்லடிக்குள் இருந்தாள். இங்கே மாஸ்டருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: அவள் வரும்வரை தன் பேரில் ஒரு கறை படாமல் பார்த்துக்கொள்வது. சிவப்பு விளக்கு எரிந்தால் கார் ஒன்றும் இல்லாத தெருவிலும் நின்றுதான் கடப்பார்.

தை மாதத்தில் மூன்று டெனிஷ் இளந்தாரிகள் அவரைக் கண்டுபிடித்தார்கள். பச்சை ஜக்கெற், மொட்டை அடித்த தலை. முதல் நாள் துப்பினார்கள். உன் வீட்டுக்குப் போ என்று கத்தினார்கள். எந்த வீட்டுக்கு என்று மாஸ்டருக்கே தெரியாத நேரம் அது. பிறகு ஒரு நாள் அவருடைய சைக்கிளைத் தூக்கி ஆற்றுக்குள் போட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு காலை எழும்பிப் பார்த்தால் கொட்டில் கதவின் கீழ்ப்பலகை கருகியிருந்தது. எதையோ ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள். பலகை பனியில் ஊறிக் கிடந்ததால் பிடிக்கவில்லை. உள்ளே மாஸ்டர் நல்ல நித்திரை. கருகிய பலகையை அவர் கையால் தடவிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையில் பயம் வந்தது.

பொலிசுக்குப் போகலாமா? எங்கே படுக்கிறாய் என்று முதல் கேள்வி வரும். அதோடு வீடும் போச்சு, ஃபைலும் போச்சு.

பூசை முடிந்து கோப்பி குடிக்கிற நேரம் நிக்கலஸிடம் மட்டும் சொன்னார். நிக்கலஸ் குருநகர் ஆள், மாஸ்டரை விட மூத்தவர், பாதி உலகம் கப்பலில் சுற்றியவர். துறைமுகத்துப் பக்கம் ஓர் அறையில் தனியாக இருந்தார். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "பின்னேரம் என்ரை அறைக்கு வாங்கோ மாஸ்டர். மீன் குழம்பு வைக்கிறன்," என்றார்.

மீன் குழம்பு அடுப்பில் கொதித்தது. கட்டிலில் ஒரு துவாய் விரித்திருந்தது. துவாயில் இரண்டு பிஸ்டல். ஒன்று கைக்குள் அடங்குகிற சின்னது. மற்றது கறுத்துப் பருத்த பழையது. எங்கே பிடித்தீர்கள் என்று மாஸ்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"எடுத்துப் பாருங்கோ மாஸ்டர். கடிக்காது."

மாஸ்டர் சின்னதை எடுத்தார். அதன் குளிர் உள்ளங்கையில் ஏறியது. "அண்ணை, இது சத்தம் பெரிசோ?"

"உதென்ன கேள்வி? சத்தத்துக்கோ பிஸ்டல் வைச்சிருக்கிறது?"

"அவங்கள் பயந்து ஓடினால் எனக்குக் காணும்."

"அப்ப பெரிசை எடுங்கோ. கண்டவுடனை களிசானோடை போவாங்கள்." நிக்கலஸ் கரண்டியால் குழம்பைத் துழாவிக்கொண்டே சொன்னார். "நீட்டிப் பிடியுங்கோ பாப்பம். உங்கை சுவரிலை கண்ணாடி இருக்கு, அதிலை தெரியிற ஆளுக்கு நேரை பிடியுங்கோ."

மாஸ்டர் பெரியதை எடுத்துப் பிடித்தார். பிடித்த கை நேரே போகவில்லை. தானாக மேலே போனது. முழங்கை மடங்காமல், காதோடு ஒட்டி, குழாய் முகட்டைப் பார்த்து. இடது கை விரல் ஒன்று போய் இடது காதை அடைத்தது. வாய்கூட ஏதோ சொல்லத் திறந்தது.

நிக்கலஸ் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "அங்கை மேலை ஆர் இருக்கினம் மாஸ்டர்? கடவுளைச் சுடப்போறியளோ?"

மாஸ்டர் கையை இறக்கினார். மறுபடி நீட்டிப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவருடைய நெஞ்சுக்கு நேரே வந்தவுடன் குழாயை ஒரு பக்கம் திருப்பிவிட்டார். அது பழகாத வேலை. அந்தக் கைக்குத் தெரிந்த பிஸ்டல் ஒன்றுதான்.

இளவாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டி என்றால் ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் ஸ்ராட்டர் அந்தோனிதாசன் மாஸ்டர்தான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காற்சட்டை, கையில் வெறும் சத்தம் போடுகிற ஸ்ராட்டர் பிஸ்டல். அவர் கை மேலே போனால் மைதானம் முழுக்க மூச்சை அடக்கும். எண்பத்தைந்தில் ஒரு போட்டிக்குப் போகிற வழியில் இலங்கை ஆமி மறித்தது. கொடிகளும் நாடாவும் இருந்த பெட்டிக்குள் அந்தப் பிஸ்டலைக் கண்டார்கள். இது குண்டு போடாது, ஓட்டம் தொடக்க வைத்திருப்பது என்று மாஸ்டர் விளங்கப்படுத்தினார். கப்டன் சிரித்தான். முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி கொடுத்து, அவர் சொன்னதெல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னான். பிறகுதான் அடி தொடங்கியது. வெளியே வந்தபோது வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை. டென்மார்க்கில் விசாரித்த அதிகாரி, விளையாட்டுச் சாமானுக்காகவா என்று இரண்டு தரம் கேட்டார். விளையாட்டுச் சாமானுக்காகத்தான் மாஸ்டர் அகதியானார்.

"எடுத்துக்கொண்டு போங்கோ," என்றார் நிக்கலஸ். "காசு கீசு வேண்டாம். கொண்டுபோய்த் தலைமாட்டிலை வையுங்கோ."

"உதோடை பிடிபட்டால் மாக்கிரட் வரமாட்டா அண்ணை. பொலிஸ் என்ரை பேரை ஒருக்கா எழுதினால் அந்த ஃபைல் முடிஞ்சுது."

"நீங்கள் உள்ளுக்கை எரிஞ்சு செத்தால் மட்டும் வருவாவோ?"

மாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். துவாயில் கிடந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னதை ஜக்கெற்றுக்குள் வைக்கலாம். பெரியதைக் காட்டினாலே போதும், சுட வேண்டிய தேவை வராது. ஆனால் வந்தால்? அந்தப் பையன்களுக்கு அவர் படிப்பித்த ஓ லெவல் வகுப்புப் பெடியன்களின் வயதுதான் இருக்கும். ஒருவன் செத்தால்?

"எனக்கு வேறை ஒண்டு இருக்கு அண்ணை," என்று சொல்லி எழும்பினார்.

இருந்தது. கொட்டிலில், நேரம் பார்க்கிற மணிக்கூடுகளோடு ஒரு தகரப் பெட்டிக்குள் கழகத்தின் ஸ்ராட்டர் பிஸ்டல் கிடந்தது. பெட்டிக்குப் பூட்டுக்கூட இல்லை. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தவரே மாஸ்டர்தான். பிரேபன் அதைக் கோடைகாலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்கு எடுத்து வெடிப்பார், திரும்பப் போடுவார். ஒருவரும் அதைத் தேடி ஆமி முகாமிலிருந்து வருவதில்லை. இந்த நாட்டில் இதுவும் விசில் போல ஒரு சாமான். வெடித்தால் சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆளும் சாகாது, சட்டமும் முறியாது என்று மாஸ்டர் கணக்குப் பார்த்தார். அதை எடுத்து ஜக்கெற் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த இரவு கொஞ்சம் நித்திரை வந்தது.

மாசி மாதம், பின்னேரம். அங்கே அந்த மாதத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கே இருட்டிவிடும். மாஸ்டர் நீச்சல் தடாகத்தில் குளித்துவிட்டு ஈரத் துவாயோடு வந்தார். கொட்டில் வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். ஒருவன் கையில் போத்தல், போத்தலின் வாயில் திணித்த துணி. இன்னொருவன் நெருப்புப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் கத்தவில்லை. பையிலிருந்து எடுத்தார். கை தான் பழகியபடி மேலே போனது. ஒரே ஒரு வெடி.

அந்த மைதானத்தில் அவ்வளவு விறுவிறுப்பான ஓட்டம் நடந்திருக்காது. போத்தல் விழுந்து உடைந்தது. இரண்டு பேர் வேலிக்கு மேலால் பாய்ந்து மறைந்தார்கள். மூன்றாமவன் நேரே ஓடினான், பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்த நடைபாதையில் காலை வைத்தான், விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் மாஸ்டருக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். எத்தனை பாய்ச்சல் குழிகளில் கேட்டவர்.

அந்த நேரத்தில் அவர் போயிருக்கலாம். நிக்கலஸின் அறைக்குப் போயிருக்கலாம், இன்னாசித்தம்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் கண்டிருக்கமாட்டார்கள். மாஸ்டர் கொட்டிலுக்குள் ஓடி, இரண்டு கொடிக்கம்பும் முதலுதவிப் பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். பெடியன் முதலில் தூசணத்தில் பேசினான். கம்பை வைத்துக் கட்டத் தொடங்கியதும் மாஸ்டரின் ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஈரத் துவாயை மடித்து அவன் தலைக்குக் கீழே வைத்தார். வெடிச் சத்தம் கேட்டு யாரோ சொல்லியிருக்க வேண்டும், பொலிஸ் வந்தது. அம்புலன்ஸ் வந்தது. மாஸ்டரின் பையில் பிஸ்டல் இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் அவரை யாரும் அடிக்கவில்லை. கதிரை கொடுத்தார்கள். கோப்பி கொடுத்தார்கள். பொன்னிற மீசை வைத்த ஒரு பொலிஸ்காரர் அவர் சொன்னதையெல்லாம் தட்டெழுத்தில் அடித்தார். இடையிடையே சிரித்தார். பிரேபன் கம்பளித் தொப்பியோடு வந்து, பிஸ்டலை எடுக்கச் சொன்னது நான்தான், கொட்டிலில் படுக்கச் சொன்னதும் நான்தான் என்று ஒரே போடாகப் போட்டார். அவர் படுப்பது கிழவருக்கு முதலிலிருந்தே தெரியும் போலிருக்கிறது. பொலிஸ்காரர் பிஸ்டலைப் பிரேபனிடமே கொடுத்தார். நீங்கள் போகலாம் என்று மாஸ்டரிடம் சொன்னார்.

மாஸ்டர் போகவில்லை. வாசலில் நின்று, தெரிந்த டெனிஷில் கேட்டார்: "இதை எழுதி வைப்பீர்களா?"

"எல்லாவற்றையும் எழுதி வைப்போம்," என்றார் பொலிஸ்காரர். மறுபடி சிரித்தார்.

கோப்பி, சிரிப்பு, எழுதிய தாள். மாஸ்டருக்கு இந்த வரிசை தெரியும். முன்பு ஒரு கப்டனும் இப்படித்தான் தொடங்கினான். இங்கே அடிக்கமாட்டார்கள், அது அவருக்கு விளங்கியது. இங்கே அடி வேறு இடத்தில் விழும். கொப்பன்ஹேகனில் அந்த மேசையில், மாக்கிரட்டின் ஃபைலில் விழும். அதுதான் அவருக்கு உறுதியாகப் பட்டது. இதை அவர் ஒருவரிடம் சொல்லியிருந்தால் போதும். ஒரு வக்கீலிடம், அகதிகள் சபையில் ஒரு பெண்ணிடம், ஏன், பிரேபனிடம்கூட. மனிதன் மூச்சுக்கூட விடவில்லை. பிரேபன் கொட்டிலுக்கு ஒரு எண்ணெய் அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

இன்னாசித்தம்பி அந்தப் பங்குனியில் அவரிடம் சொன்னான்: "ஒருத்தருக்கும் விசா வரேல்லை மாஸ்டர். ஹொல்ஸ்டெப்ரோவிலை இருக்கிற எங்கடை ஆக்களுக்கும் அப்பிடித்தானாம். எல்லாற்றை ஃபைலும் நிக்குது. வீட்டாலை நாங்கள் எழும்பிறம், நீங்கள் வாங்கோ."

"இருங்கோ, இருங்கோ. மேரிசெலின் பெத்தெடுக்கட்டும்," என்றார் மாஸ்டர். மற்றவர்களுக்குப் பிந்துகிறது, தனக்கு முடிந்துவிட்டது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கடுதாசியை விடக் கசெற்றைத்தான் நம்பினார்கள். குரலைக் கேட்டால் ஆள் பக்கத்தில் இருப்பதுபோல. மாஸ்டர் எண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, கழகத்து ரேடியோவில் கசெற்றைப் போட்டுப் பேசினார். சுகம் விசாரித்தார். பிரியந்தியின் படிப்பைக் கேட்டார். பிறகு ஒரு செருமல். பிறகு இது:

"மாக்கிரட், இனி என்னை நம்பிக்கொண்டு அங்கை இருக்காதை. இஞ்சை வழி அடைபட்டுப் போச்சு. அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போ. மண்டபம் முகாமிலை உன்ரை அண்ணர் நிக்கிறார்தானே. பேசாலையாலை வள்ளம் ஓடுதாம். அங்கை போனாப் பிறகு நான் வேறை வழி பாக்கிறன். ஏனெண்டு மட்டும் கேளாதை."

அவள் கேட்கவில்லை. மறு கசெற்றில், "நீங்கள் சொன்னாச் சரி. நான் ஏனெண்டு கேக்கேல்லை," என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு பிரியந்தி ஒரு பாட்டுப் பாடினாள்.

சோளகக் காற்று எழும்பிய காலத்தில் வள்ளம் புறப்பட்டது. தாங்குகிறதை விட அதிகம் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். கரை விட்டுக் கொஞ்ச நேரத்தில் கவிழ்ந்தது. பிரியந்தி ஒரு மண்ணெண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். மீன்பிடிக்கப் போனவர்கள் அவளை எடுத்தார்கள். கானை அவளிடம் பிடித்துக் கொடுத்தவள் மாக்கிரட். தாயை எடுக்க முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை அவ்வளவையும் பார்த்துக்கொண்டு மிதந்திருக்கிறது.

செய்தி இன்னாசித்தம்பி இருந்த வீட்டு ரெலிபோனுக்கு வந்தது. அவன்தான் மைதானத்துக்கு வந்து சொன்னான். மாஸ்டர் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, மிச்சக் கோட்டையும் போட்டு முடித்தார். பிறகு அந்தச் சுண்ணாம்பு வண்டிக்குப் பக்கத்தில் புல்லில் இருந்து, வாய்விட்டு அழுதார்.

அடுத்த வருடம் குடும்பங்களுக்குக் கதவு திறந்தது. எப்படித் திறந்தது, ஏன் திறந்தது என்று மாஸ்டர் தேடவில்லை. ரண்டர்ஸ் ஸ்ரேசனில் ஒவ்வொருத்தியாக வந்து இறங்கினார்கள். அகதி முகாமில் கூட இருந்த பாலேந்திராவின் மனைவி வந்தாள். தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவனுடைய பெண்சாதி நாலு பிள்ளைகளோடு வந்தாள். பூசையில் வாங்குகள் நிறைந்தன. மாஸ்டர் எல்லாருக்கும் கை கொடுத்தார். அவர்களுடைய ஃபைல் சுத்தமான ஃபைல் என்று நினைத்துக்கொண்டார். இன்னாசித்தம்பி குடும்பம் வேறு வீட்டுக்குப் போனது. மாஸ்டர் தன் பெயர் பொறித்த கதவைத் திறந்து உள்ளே போனார். இரண்டு அறை, ஓர் ஆள்.

தொண்ணூறில் பிரியந்தியும் மண்டபத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுடைய விண்ணப்பம் சில மாதத்திலேயே சரிவந்தது. அதே தகப்பன், அதே பொலிஸ் தாள். அப்போதாவது மாஸ்டருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தாயில்லாப் பிள்ளை என்று இரங்கியிருக்கிறார்கள் என்றார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதம். பின்னேரம் தொலைக்காட்சியில் பிரதமர் பதவி விலகுவதாகச் சொன்னார். தமிழ் அகதிகளின் குடும்பங்களுடைய விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்ததும், அதைப் பற்றி மறைத்ததும் விசாரணையில் வெளிவந்து, அரசாங்கமே கவிழ்ந்தது. ஒரு நாட்டு அரசாங்கம் எங்கள் பெண்டுகளால் கவிழ்ந்ததென்று அன்று ரண்டர்ஸிலும் பிராண்டேயிலும் ரெலிபோன்கள் ஓயவில்லை. மாஸ்டர் வீட்டு ரெலிபோனும் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

பிரியந்திக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் படிக்கச் சொன்ன பேப்பரைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தாள். வழக்கமாகத் தகப்பனோடு டெனிஷில்தான் கதைப்பாள். அன்றைக்குத் தமிழுக்கு மாறினாள்.

"அப்பா, எண்பத்தேழாம் ஆண்டு செப்டெம்பரிலையே எல்லா ஃபைலையும் அங்காலை வைச்சிட்டினமாம். ஒருத்தற்றையும் எடுக்க வேண்டாம் எண்டு மேலை சொன்னதாம்."

"ம்."

"அம்மான்ரையும் அதுக்குள்ளை இருந்திருக்கும்."

"கொம்மான்ரை வேறை," என்றார் மாஸ்டர்.

"என்ன வேறை?"

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு, முதல் தடவையாக, ஒரு மனித உயிரிடம் அதைச் சொன்னார். கொட்டில், கருகிய பலகை, நிக்கலஸின் துவாயில் கிடந்த இரண்டு பிஸ்டல், அவற்றை விட்டுத் தான் தெரிந்தெடுத்த மூன்றாவது, வெடி, கால் முறிந்த பெடியன், கோப்பி, பொலிஸ்காரர் எழுதியது. சொல்லும்போது அவருடைய வலது கை மேசைக்கு மேலே கொஞ்சம் எழும்பித் தாழ்ந்தது. அந்தக் கசெற்றில் இருந்த ஒவ்வொரு சொல்லும் பிரியந்திக்கு மனப்பாடம். அந்தச் செருமலும் மனப்பாடம். அதற்குப் பிறகு வந்த வசனத்துக்கு ஏன் என்று தாய் கேட்காததை அவள் ஐந்து வருடமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது எப்ப நடந்தது அப்பா?"

"எண்பத்தெட்டு மாசி."

அவள் பேப்பரைப் பார்த்தாள். "அப்ப அதுக்கு முதலே நிப்பாட்டியாச்சு. உங்கடை பிஸ்டலுக்கும் அதுக்கும் ஒண்டும் இல்லை."

மாஸ்டர் எழும்பிக் குசினிக்குப் போனார். கேத்திலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

"பொலிஸ் எழுதினவன் பிள்ளை. நான் கண்ணாலை கண்டனான். அவன் எழுதினபடியாத்தான் கொம்மாவுக்கு வழி அடைபட்டது. அடைபட்டபடியாத்தான் நான் அக்கரைக்குப் போகச் சொன்னனான். எனக்கு வேறை வழி இருக்கேல்லை."

பேப்பர் சொல்வது சரியென்றால் மாக்கிரட் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். இளவாலையில் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருந்தால் போதும். பாலேந்திராவின் மனைவியைப் போல அவளும் ரண்டர்ஸ் ஸ்ரேசனில் இறங்கி இந்தக் குசினியில் நின்றிருப்பாள். அதை நினைத்தால் அந்த மனிதர் நாளைக்கு எழும்பி வேலைக்குப் போகமாட்டார். பிஸ்டலைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரைதான் அவருக்கு மிதப்பு. கானைப் பிடித்து மிதந்த பிள்ளைக்கு அது விளங்கியது.

கேத்தில் சத்தம் போடத் தொடங்கியது. மாஸ்டர் திரும்பவில்லை. பதிலுக்காக நிற்கிறார் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

பிரியந்தி பேப்பரை மடித்துப் புத்தகப் பையின் அடியில் வைத்தாள்.

"ஓம் அப்பா," என்றாள். "பிஸ்டலாலைதான்."